பழைய ஃபங்க், சோல் இசைத்தட்டு வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

1. அட்டைப்படத்தில் மயங்கி விலை பேசாதீர்கள். தட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் ஒலியைக் கெடுப்பதில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் 'டிக் டிக்' என்று கேட்டே தீரும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் நிறையக் கோடுகள் தெரிந்தால், தட்டு நன்றாக ஓடித் தேய்ந்தது.

2. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வெற்று வளையம் ஒன்று உண்டு. அதில் பொறித்த எண்ணும் எழுத்தும்தான் தட்டின் பிறப்புச் சான்றிதழ். மறுபதிப்பின் அட்டையிலும் பழைய ஆண்டே அச்சாகியிருக்கலாம். வளைய எண்ணை முதல் பதிப்பின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகு காசை எடுங்கள்.

3. முதலில் தேட வேண்டியது 'தி பேபி ஹூயி ஸ்டோரி'. சிகாகோவின் ஆஜானுபாகுவான பாடகர் பேபி ஹூயி 1970இல், 26 வயதிலேயே இறந்துபோனார். கர்ட்டிஸ் மேஃபீல்டின் கர்டாம் நிறுவனம் 1971இல் இதை வெளியிட்டது. ஹூயியின் ஒரே ஆல்பம் இது. கரகரத்த குரல் திடீரென அலறலாக மேலெழும் இடங்களில் உடம்பு சிலிர்க்கும். ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

4. அடுத்து, '24-காரட் பிளாக்' குழுவின் 'கெட்டோ: மிஸ்பார்ச்சூன்ஸ் வெல்த்' (1973). ஏழ்மையைப் பற்றிய பாட்டுகள், ஒன்றிலிருந்து ஒன்றாக நீளும். அன்று விலைபோகவில்லை. பிற்பாடு ராப் கலைஞர்கள் இதிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தங்கள் பாட்டுகளில் சேர்த்துக்கொண்டார்கள்.

5. மறுபதிப்பு வாங்கக் கூச்சப்படாதீர்கள். ஜாம்பியாவின் அமனாஸ் குழு 1975இல் வெளியிட்ட 'ஆப்பிரிக்கா'வின் அசல் பிரதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த நாட்டு ராக்குக்கு 'ஜாம்ராக்' என்றே பெயர். அதன் கரகரக்கும் கிட்டார் நம் காதுக்கு எட்டியதே மறுபதிப்புகளால்தான். ஷுகி ஓடிஸ் தம் 20ஆவது வயதில், பெரும்பாலான வாத்தியங்களைத் தாமே வாசித்து உருவாக்கிய 'இன்ஸ்பிரேஷன் இன்பர்மேஷன்' (1974) ஆல்பமும் 2001இல் மறுபதிப்பு கண்ட பிறகே பலரைச் சென்றடைந்தது.

6. அட்டையின் மூலை வெட்டப்பட்டிருந்தாலோ, துளை இருந்தாலோ ஒதுக்கிவிடாதீர்கள். விற்காமல் தேங்கியதைக் கழிவு விலைக்குத் தள்ளியபோது போட்ட அடையாளம் அது. உள்ளே தட்டு பல நேரம் புத்தம் புதிதாக இருக்கும். விலையும் குறைவு.

7. தட்டைத் துடைக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். மைக்ரோஃபைபர் துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. தாத்தா காலத்து 78 சுழற்சி அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும்.

8. படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை நசுங்கும், வளையும். நேராக நிறுத்துங்கள். நூறு எல்.பி. அட்டையோடு இருபது கிலோவைத் தாண்டும், அதைத் தாங்கும் அலமாரியாகப் பாருங்கள். வெளியுறை பி.வி.சி.யாக இருந்தால் மாற்றுங்கள். நாளடைவில் அது தட்டில் புகைபோலப் படலம் படியச் செய்யும். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது.