ஆங்கிலப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களைப் பயன்படுத்தும் முறை

தமிழாசிரியர் ஒருவர் ஆங்கிலப் பரீட்சையைப் பற்றி எழுதப் புகுவது வாசகருட் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆயினும், முன்னர் நாம் கடமையாற்றிய பாடசாலையொன்றில், ஆங்கில ஆசிரியர் இல்லாத தவணைகளில் மாலை வகுப்பை மேற்பார்வை செய்யும் பொறுப்பு எவர் தலையிலேனும் விழவேண்டியிருந்தது; அது நன்னூலும் கையுமாகத் திரிந்த எம் தலையில் விழுந்தது. பயிற்சிக் கலாசாலையில் நாம் பெற்ற சான்றிதழ் தமிழுக்கு உரியதே. ஆதலின் மாணாக்கருக்கு ஆங்கிலம் கற்பித்தோம் என்று கூறத் துணியோம். அவர்கள் அதனைக் கற்கத் தவறும் இடங்களைத் தமிழ்க் கண்கொண்டு பார்த்தோம் என்பதே பொருந்தும். அப்பார்வையிற் கண்ட சிலவற்றை இம்மலரிற் பதிவு செய்கின்றோம்.

இத்துறைமுகப் பட்டினத்துக்கு ஆங்கிலம் புதியதன்று. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை, அங்கு வேலைக்குச் சென்றோர் பலர் இலக்கணம் அறியாமலே அம்மொழியைக் காதாற் கற்றனர். அதற்கும் முன்னர், இவ்வூரிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை அவர்கள் ஆங்கிலக் கல்வி பெற்றுச் சென்னையில் வாழ்ந்து, 1895இல் 'மோகனாங்கி' என்னும் நாவலைத் தமிழுக்குத் தந்தார். இங்குள்ள இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடையவராயிருந்த சுவாமி விபுலாநந்தர், கேம்பிரிட்ஜ் சீனியர்ப் பரீட்சையில் தேறியவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியெய்தியவர். இரு மொழிப் பரீட்சைகளும் ஒருவர்க்கு ஒன்றுக்கொன்று பகையாகா என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்றைய மாணவனின் நிலை வேறு. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் உல்லாசப் பிரயாணிகளோடு பேசிப் பழகிய சில பிள்ளைகளை நீக்கிப் பார்த்தால், வீட்டிலும் சந்தையிலும் இறங்குதுறையிலும் ஆங்கிலத்தைக் கேளாதவர்களே பெரும்பாலார். அவர்களுக்கு ஆங்கிலம் என்பது வினாத்தாளே. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் அது கட்டாய பாடங்களுள் ஒன்று. ஆயின் உயர்தர வகுப்புக்குப் புகத் தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டுவதில்லை. உயர்தரத்திற் பொது ஆங்கிலம் என்றொரு வினாத்தாள் உண்டு. அதன் பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளியிற் சேர்வதில்லை. ஆகவே இரு வாயில்களிலும் காவலன் இல்லை. இதனை மாணவன் நன்கறிவான். வங்கியிலோ, கம்பனியிலோ, பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு வகுப்பிலோ போய் நிற்கும் நாளிலேதான், காவலன் அப்பால் மூன்றாம் வாயிலில் நின்றான் என்பது அவனுக்குத் தெரியவருகின்றது.

எம்மிடம் பயின்ற ஒரு மாணவனின் செய்தியை இங்குக் கூறவேண்டும். கெட்டிக்காரன், தந்தையார் கடற்றொழிலாளி. பத்து ஆண்டு வினாக்களும் விடைகளும் சேர்ந்த நூலொன்றை வாங்கி, அதிலிருந்த கட்டுரைகளுட் பன்னிரண்டை மனனஞ் செய்தான். நாம் கேட்கும்போதெல்லாம் தடையின்றி ஒப்புவித்தான். எமக்கும் பெருமையாகவே இருந்தது. வகுப்பின் முன் நிறுத்திப் பாராட்டவுஞ் செய்தோம். பரீட்சையிற் சுற்றாடலைப் பற்றிய வினா வந்தது. ஆனால் அது கட்டுரையைக் கேட்கவில்லை. மாணவர் மன்றத்திற் பேசுவதற்கான ஓர் உரையைக் கேட்டது. அவன் 'மரங்களின் பயன்' என்னும் பாடத்தை முதலிலிருந்து முடிவு வரை எழுதிவிட்டு, அவையோரை ஓரிடத்திலும் விளியாமல், மகிழ்ச்சியோடு வீடு சென்றான். பெறுபேறு வந்தபோது ஏனைய பாடங்களிற் சிறந்து விளங்கிய அவன் ஆங்கிலத்திற் சித்தியடையவில்லை. அந்த ஒரு வினாவினால் மட்டும் அது நேர்ந்திராது. ஆயினும் பன்னிரண்டு கட்டுரைகளை விழுங்கிய காலத்தில் ஏனைய பதினைந்து சோதனைகளையும் அவன் தொடவேயில்லை என்பது பின்னரே எமக்குத் தெரிந்தது. பாராட்டிய வாய் எம்முடையதாதலின் குற்றத்திற் பாதி எம்மைச் சார்ந்தது.

அவ்வாண்டின் பின்னரே வினாத்தாளை நாம் ஊன்றிப் பார்க்கத் தொடங்கினோம். சாதாரண தர ஆங்கிலம் இரு வினாத்தாள்களைக் கொண்டது. முதலாவதற்கு ஒரு மணி நேரம், இரண்டாவதற்கு இரண்டு மணி நேரம். முதலாவதில் 8, இரண்டாவதில் 8 என 16 சோதனைகள் உள்ளன. வாசித்து விளங்கல், இடைவெளி நிரப்பல், சிறு குறிப்பு எழுதல், கடிதம் வரைதல் அல்லது வரைபடத்தை விவரித்தல், இறுதியில் ஏறக்குறைய 200 சொற்களில் ஓர் ஆக்கம் என்றவாறு அவை அமையும்.

இவ்வினாத்தாள்களை மாணவர் பயன்படுத்தும் வழக்கமான முறை யாது? நூலைத் திறப்பர், வினாவை வாசிப்பர், உடனே பின்பக்கத்திலுள்ள விடையைப் பார்ப்பர், "எனக்கும் இது தெரியும்" என்று தலையசைப்பர். விடையைக் கண்டவுடன் தெரிந்ததாகத் தோன்றுவது வேறு, வெறுந்தாளின் முன் தானே விடையைத் தேடிக் காண்பது வேறு. நீச்சலடிப்பவனைக் கரையிலிருந்து பார்த்தவன் நீந்தக் கற்றவனாகான்.

ஆகவே முதற் செய்யவேண்டியது விடைப்பகுதியைத் தைத்துவிடுதல். வேடிக்கையன்று; ஊசி நூல்கொண்டு உண்மையாகவே தைத்தோம். பின் கடிகாரத்தை மேசைமீது வைத்து, ஓர் ஆண்டின் வினாத்தாளை முழுமையாக எழுதச் செய்தோம். முதன்முறை எழுதியோருட் பலர் இறுதி ஆக்கத்தை எட்டவேயில்லை. சொற்களை ஒவ்வொன்றாக எண்ணுவதிலேயே நேரத்தைக் கழித்தவர்களும் இருந்தனர். தன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எட்டுச் சொற்கள் வருமென அறிந்தவனுக்கு 200 சொற்கள் என்பது இருபத்தைந்து வரிகள், அதன்பின் எண்ணவேண்டியதில்லை. இதனை எந்தப் பாடநூலும் சொல்லாது.

அடுத்து, வினாத்தாளை நெடுக்காகவும் படிக்கலாம், குறுக்காகவும் படிக்கலாம். ஓராண்டின் தாளை முதலிலிருந்து முடிவுவரை செய்தல் நெடுக்கு. ஒரே வகைச் சோதனையைப் பல ஆண்டுத் தாள்களிலிருந்து எடுத்து ஒருங்கு வைத்து நோக்குதல் குறுக்கு. எம் அனுபவத்தில் இரண்டாவதே மிக்க பயன் தந்தது. சிறு குறிப்பு எழுதும் சோதனைகளை ஒருங்கு வைத்துப் பார்த்த மாணவி ஒருத்தி, "சேர், ஆளும் ஊரும் மாறினாலும், ஆருக்கு, என்ன, எங்கே, எப்போது என்ற நாலுந்தானே ஒவ்வொரு முறையும் கேட்கினம்?" என்றாள். அதுவே நாம் வேண்டிய விடை. திரும்பத் திரும்ப வருவது பொருளன்று, வேண்டுகோள். பொருளை மனனஞ் செய்தவன் அடுத்த ஆண்டு ஏமாறுவான். வேண்டுகோளை அறிந்தவன் ஏமாறான்.

வரைபடத்தை விவரிக்கும் வினாவிலும் இவ்வாறே. மாணவர் எண்களை வரிசையாக எழுதிவிட்டு நின்றுவிடுவர். வினா கேட்பது ஒப்பீடு: மிகக் கூடியது எது, மிகக் குறைந்தது எது, சமமானவை எவை, எதனிலும் எது இரு மடங்கு. இதற்கென நாம் மாணவரையே ஒரு படம் வரையச் செய்தோம். ஒரு வாரத்தில் தத்தம் கரைவலையில் ஏறிய மீன் பெட்டிகளை நாள்வாரியாகக் கேட்டறிந்து வந்து வரைந்தனர். தாமே எண்ணிய பெட்டிகளாதலின், 'செவ்வாயைவிட வெள்ளி இரு மடங்கு' என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் மட்டுமே குறைவாயின, கருத்துக் குறையவில்லை.

இனி எமது சொந்தப் புலத்துக்கு வருவோம். திருத்திய தாள்களிற் கண்ட பிழைகளைத் தொகுத்தபோது, அவை தாறுமாறானவை அல்ல, தமிழிலக்கணத்துக்கு மிக நேர்மையாக நடந்துகொண்டதால் விளைந்தவை என்பது புலனாயிற்று. தமிழில் வினைமுற்றின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடும். 'சந்தைக்குப் போனேன்' என்றால் 'நான்' வேண்டுவதில்லை. இதனைத் தோன்றா எழுவாய் என்போம். ஆங்கில வினைக்கு அத்தகைய விகுதி இல்லை. ஆகவே அங்கு எழுவாய் தோன்றியே ஆகவேண்டும். இதனை அறியாத பிள்ளை 'வென்ற் ரு மார்க்கற்' என்று தொடங்கி 'ஐ' என்பதை விட்டுவிடுகின்றது. மழை பெய்வதைச் சொல்ல 'றெயின் இஸ் றெயினிங்' என்று எழுதியவனும் தமிழுக்கு உண்மையானவனே; எழுவாய்க்கு ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று அவன் நம்புகின்றான். பொருளே இல்லாத 'இற்' ஒன்றை ஆங்கிலம் அவ்விடத்தில் நிறுத்தி வைக்கும் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

பெயரெச்சமும் அத்தகையதே. 'நேற்று வந்த மனிதர்' என்று நாம் அடையை முன்னே வைப்போம். ஆங்கிலம் மனிதரை முன்னே நிறுத்தி, 'ஹூ' என்னும் சொல்லால் அடையைப் பின்னே கட்டும். வேற்றுமையுருபு எமக்குப் பெயரின் பின். அவர்களுக்குப் பெயரின் முன் தனிச்சொல். வாசித்து விளங்கும் பகுதியில் நீண்ட வாக்கியத்தைக் கண்டு திகைப்போர், வாலிலிருந்து தலைக்கு வாசித்துப் பார்த்தாற் பாதித் திகைப்பு நீங்கும்.

எமக்கு மிகுந்த தொல்லை தந்தது 'த' என்னும் சிறு சொல். இடைவெளி நிரப்பும் சோதனைகளில் அது விடுபடுவதும் வேண்டாத இடத்தில் வந்து விழுவதும் கண்டு பல மாதம் சலித்தோம். தமிழில் அதற்கு நேர்ச்சொல் இல்லை என்றே நாமும் எண்ணியிருந்தோம். ஒருநாள் வகுப்பில், 'மீன் வாங்கினேன்' என்பதற்கும் 'மீனை வாங்கினேன்' என்பதற்கும் வேறுபாடு யாது என்று கேட்டோம். கரையோரத்துப் பையன் ஒருவன் சிரித்தான். "மீன் வாங்கினேன் எண்டால் ஏதோ மீன், சேர். மீனை வாங்கினேன் எண்டால் முதலே விலை பேசின அந்த மீன்." அவ்வளவுதான். முன்னது 'ஐ போட் பிஷ்'. பின்னது 'ஐ போட் த பிஷ்'. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாய் வரும்போது இரண்டாம் வேற்றுமையுருபு விரிந்தும் தொக்கும் வருவதில் நாம் நாள்தோறும் காட்டும் அந்த வேறுபாட்டையே ஆங்கிலம் 'த' என்பதாற் காட்டுகின்றது. இது எழுவாய்க்குச் செல்லாது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் சூத்திரமுமன்று. 'முன்னே பேசப்பட்டதா, கேட்போனுக்குத் தெரிந்ததா?' என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தபின், அச்சோதனையிற் பிழைகள் கண்கூடாகக் குறைந்தன.

இதனாலேயே பிழைக் குறிப்பேடு ஒன்றை வற்புறுத்துகின்றோம். 'நான் எழுதியது', 'எழுதவேண்டியது', 'ஏன்' என மூன்று நிரல்கள். மூன்றாவதைத் தமிழில் எழுதுவதே நன்று. காரணத்தைத் தாய்மொழியிற் சொல்ல முடியாதவன் அதனை விளங்கிக்கொண்டவனல்லன். மூன்று வாரங் கழித்து அதே வினாத்தாளை மீண்டும் எழுதுக. அதே பிழை அதே இடத்தில் வருமாயின், குறிப்பேடு அலங்காரத்துக்கு வைத்திருந்ததென்க. விடைகளை ஒப்பிடும்போது அச்சிட்ட விடைநூலை மட்டும் நம்புதல் போதாது; சிலவற்றில் விடைகளே பிழையாயிருக்கக் கண்டோம். பரீட்சைத் திணைக்களம் புள்ளி வழங்கும் திட்டங்களையும் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிட்டு வந்துள்ளது. மாணவர் எவ்விடத்திற் புள்ளியை இழந்தனர் என்பதை அவ்வறிக்கைகளிற் காணலாம். ஆசிரியர்கள் கதையைப்போல் விரும்பி வாசிக்கத்தக்கவை அவை.

வெளிநாடு செல்ல ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்கு ஆயத்தமாகும் இளைஞரும் எம்மிடம் வருவதுண்டு. 1989 முதல் நடைபெறும் அப்பரீட்சை கேட்டல், வாசித்தல், எழுதல், பேசல் என நான்கையும் சோதிப்பது. கேம்பிரிட்ஜ் வெளியிடும் பயிற்சித் தாள் நூல்கள் அதற்குண்டு. எழுதும் பகுதியில் 150 சொற்களில் ஒன்று, 250 சொற்களில் ஒன்று; இரண்டுக்குமாக ஒரு மணி நேரம். மனனஞ் செய்த விடையை அங்குள்ள பரீட்சகர் கண்டறிந்து புள்ளியைக் குறைப்பர். பேசும் பகுதிக்கு வினாத்தாளை மட்டும் வைத்துப் பழகுவதாற் பயனில்லை. எதிரே ஓர் ஆள் வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். முன்னர் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் நடக்கும். வாடைக்காலத்திற் கடல் கொந்தளிக்க, எம் கரையோரப் பிள்ளைகளுக்கு வீட்டில் வேலை குறைவு. கொவிட் நோயின் பின் 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 மே மாதத்தில் நடந்தது; 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சில். அதாவது கரைவலைக் காலத்துக்குள் வந்துவிட்டது. விடியற்காலையிற் கயிறு இழுத்த கையோடு வகுப்புக்கு வருபவனுக்கு மூன்று மணி நேரத் தாளை ஒரே அமர்விற் கொடுப்பது பயனற்றது. நாம் சோதனைகளைப் பிரித்து, நாளுக்கு இரண்டாகக் கொடுத்தோம். முழுத்தாளை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தோம்.

இறுதியாக, மிக அண்மைய ஆண்டின் வினாத்தாளை எவரும் பாராமல் உறையிலிட்டு ஒட்டி அலுமாரியில் வைத்துவிடுவது எம் வழக்கம். பரீட்சைக்கு இரு வாரம் இருக்கும்போதே அதனைத் திறப்போம். பழைய மாணவர் சிலர் கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வினாத்தாள் நூல்களை அன்போடு அனுப்பி வருகின்றனர். அவர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே: விடை அச்சிடாத பிரதிகள் கிடைக்குமாயின் அவற்றையே அனுப்புக, கிடையாவிடின் கவலையில்லை, எம்மிடம் ஊசியும் நூலும் உள்ளன.