இசைக் கருவூலம்

திருச்சீரலைவாய் என்னும் பழம்பெயர் பெற்ற ஊர் திருச்செந்தூர். அங்கே கடலலை ஓயாது முழங்கும். அம்முழக்கத்தோடு கோயில் நாகசுரமும் அடியார் பாடும் திருப்புகழும் கலந்து ஒலிக்கும்.

அவ்வூரில் ஓர் இல்லம். அவ்வில்லத்தில் ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்கள். பக்திப் பாடல், திரையிசை, நாகசுரக் கச்சேரி எனப் பலவும் அவற்றில் இருந்தன. அவற்றுள் ஒன்று, மறைந்த பாட்டியார் பாடிய தாலாட்டு. பேரன் அந்நாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அவற்றின் ஒலியைக் கம்பி வழியே செலுத்தி, வீட்டுக் கணிப்பொறியில் பதிவு செய்தான். பணி முடிந்ததும் பாட்டியின் குரலைக் கேட்க விரும்பினான். ஆனால் திரையில் தெரிந்தவை யாவை? ‘டிராக் 1’, ‘டிராக் 2’ என்று எண் மட்டும் தாங்கிய சில நூறு கோப்புகளே! பொருள் இருந்தது, அஃது இருக்கும் இடம் தெரியவில்லை.

இக்குறையைப் போக்குவதற்கென்றே அமைந்தது இசைநூலக மென்பொருள். 2001ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. விண்டோஸ் கணிப்பொறியில் விலையின்றிப் பயன்படும் மியூசிக்பீ இவ்வகையைச் சேர்ந்த மற்றொன்று.

இதனைத் தொடங்கும் முறை எளிது. முதலாவது, பாடல்கள் அனைத்தையும் ஒரே கோப்புறையில் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, அக்கோப்புறை இருக்குமிடத்தை மென்பொருளுக்கு அறிவித்தல் வேண்டும். உடனே அது கோப்புகள் அனைத்தையும் படித்து ஓர் அட்டவணை அமைத்துக்கொள்ளும். மூன்றாவது பணியே தலையாயது. ஒவ்வொரு பாடலுக்கும் உரிய குறிப்பை எழுதுதல்.

இக்குறிப்பு பாடற்கோப்பின் உள்ளேயே தங்குவது. 1996ஆம் ஆண்டில் எம்.பி.3 கோப்புகளுக்கென ஐ.டி.3 என்னும் முறை தோன்றியது. கோப்பின் இறுதியில் 128 பைட் அளவான சிறு இடம் குறிப்புக்கென ஒதுக்கப்பட்டது. அதில் பாடலின் பெயருக்குக் கிடைத்தவை 30 பைட்டுகளே. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு இவ்வெல்லையை நீக்கிற்று. இன்று தமிழ் எழுத்திலேயே குறிப்புகளை விரிவாக எழுதலாம்.

ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ என்னும் திரைப்படத்தில், எஸ். ஜானகியின் குரலும் நெல்லைச் சீமையின் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் இணைந்த முருகன் பாடல் ஒன்று உண்டு. இசையமைத்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு, இராகம் ஆபேரி. ‘பாடியவர்’ என்ற ஓரிடத்தை மட்டும் நிரப்பினால் நாகசுரக் கலைஞரின் பெயர் மறைந்துபோம். எல்லாவற்றையும் எழுதிவைத்தாலோ, அந்த ஒரே கோப்பு ஆபேரிப் பட்டியலிலும், நாகசுரப் பட்டியலிலும், 1962ஆம் ஆண்டுப் பட்டியலிலும் தானே வந்து நிற்கும். பெயரை எங்கும் ஒரே வகையாக எழுதுதல் இன்றியமையாதது. ஓரிடத்தில் ‘டி. எம். எஸ்.’ என்றும் பிறிதோரிடத்தில் ‘டி. எம். சௌந்தரராஜன்’ என்றும் எழுதினால், கணிப்பொறி ஒருவரை இருவராகக் கொண்டுவிடும்.

இசையைத் தொகுத்து முறைப்படுத்தும் தொண்டு தூத்துக்குடி மாவட்டத்திற்குப் புதிதன்று. முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்த எட்டயபுரத்தில், அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டு ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்நூல் 72 மேளங்களின் வரிசையில் இராகங்களை அமைத்து, முத்துசாமி தீட்சிதரின் 200க்கும் மேற்பட்ட கீர்த்தனைகளைச் சுரக் குறிப்புடன் தந்தது. நாவிலும் செவியிலும் மட்டும் வாழ்ந்த இசையை, அறிந்தவர் உள்ளபோதே எழுத்தில் ஏற்றியமையால் அஃது அழியாது நின்றது.

திருச்செந்தூர்ப் பேரனுக்கும் இதுவே வழியாயிற்று. திரைப்படப் பாடல்களின் விவரங்களை இணையத்திலிருந்து பெற்றான். ஆயினும், பாட்டியின் தாலாட்டைப் பற்றி எந்த இணையம் அறியும்? அவன் பாட்டனாரை அருகில் அமர்த்தி, கோப்புகளை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்தான். பல மாலைகள் கழிந்தன. ஒருநாள் முதியவர் நிமிர்ந்தார். “நிறுத்தாதே, தம்பி! இது உன் பாட்டி குரல். உன் அப்பன் தொட்டிலில் கிடந்தபோது பாடியது” என்றார். பாடியவர், பாடிய ஊர், ஆண்டு ஆகியவற்றை அவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதினான். பின்னர்ப் பாடல்களையும் அட்டவணையையும் வேறொரு வட்டில் படியெடுத்து, உறவினர் இல்லத்தில் வைத்தான். கணிப்பொறி பழுதுற்றாலும் கருவூலம் அழியாதன்றோ?

பாடலை இயக்குவதும் தேடித் தருவதும் கருவியின் வேலை. பாடியவர் யார் என்று சொல்வது அறிந்த மாந்தரின் கடமை. அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைப்பது இளையோரின் கடமையாகும்.