இலகுவான கூடு, எட்டும் விலையில்

அன்புள்ள தம்பி,

நின்று ஓட்டும் ஜெட் ஸ்கிக்கு எடை குறைந்த கூடு கைக்கு எட்டும் விலையில் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். கோமுட்டேரியில் மிதிபடகுகளைப் பார்த்து வளர்ந்த ஜமுனாமரத்தூர்ப் பிள்ளைக்குத் தண்ணீரில் சீறிப்பாயும் ஆசை வருவது இயல்புதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலகுவான கூட்டை விலைக்குத் தேடி அலையாதே. வேண்டாத எடையை நீக்கு. அதையும், எதை நீக்க மிகக் குறைந்த செலவாகுமோ அங்கிருந்து தொடங்கு. பழைய கூடானால் உள்ளே தேங்கிய தண்ணீர் முதலில். புதிதாக வார்ப்பதானால் மிகுதியான ரெசின் அடுத்தது. விலை உயர்ந்த இழைகளின் முறை கடைசியில்தான். பலரும் கடைசியில் இருப்பதை முதலில் பிடிக்கிறார்கள், பணம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

எடை ஏன் இத்தனை முக்கியம் என்று பார்ப்போம். யமஹாவின் நின்று ஓட்டும் சூப்பர்ஜெட் 1990இல் வந்தது. இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினோடு 2020 வரை விற்ற அந்த வண்டி, கடைசிக் காலத்தில் 139 கிலோ. 2021இல் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியதும் அது 170 கிலோ ஆனது. கவாசாகி 2017இல் கொண்டுவந்த 1500 சிசி எஸ்எக்ஸ்-ஆர் ஏறத்தாழ 250 கிலோ. ஆகவேதான் உலகம் முழுக்க ஆர்வலர்கள் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் கூட்டைத் தேடுகிறார்கள். 139 கிலோ வண்டியில் 65 கிலோ ஆள் நின்றால் மொத்தம் 204. அதில் 12 கிலோ குறைத்தால் கிட்டத்தட்ட 6 சதவீதம். உனக்கு இது இன்னும் பெரிய விஷயம். உங்கள் மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு, இஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். மலை எடுத்துக்கொள்வதைக் கூட்டின் எடையில்தான் திரும்பப் பெற வேண்டும்.

தண்ணீரை ஏன் முதலில் வைத்தேன் என்பதைக் கட்டுமரக்காரர்களிடமிருந்தே தெரிந்துகொள்ளலாம். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவது அவர்கள் வழக்கம். இலகுவான மரம் நீரைக் குடித்தால் இலகு போய்விடும், மிதப்பும் போய்விடும் என்பது அவர்கள் அன்றாடம் கண்டது. பழைய ஜெட் ஸ்கியிலும் இதேதான் நடக்கிறது. மூழ்காமல் இருப்பதற்காகக் கூட்டுக்குள் நுரை அடைத்திருப்பார்கள். ஆணி ஓட்டை வழியாகவோ விரிசல் வழியாகவோ வருடக்கணக்கில் கசியும் நீர் அந்த நுரையில் ஊறிவிடும். ஒரு கன அடி என்பது 28 லிட்டர். அவ்வளவு நுரையில் பாதியளவு நீர் ஏறினாலே 14 கிலோ. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாங்கும் இடத்தில் தராசு கேட்பவரும் குறைவு. நீ கேள். அந்த மாடலின் எடை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, கழற்றப்பட்ட பாகங்களின் எடையைக் கழித்துவிட்டுக் கூட்டை நிறுத்துப் பார். நனைந்த நுரையை வெட்டியெடுத்து, கூட்டை நன்றாக உலர்த்தி, புதிய நுரை அடைக்க ஆகும் செலவு மிகச் சிறியது. இதைச் செய்யாமல் கார்பன் வாங்க நினைப்பது வீண்செலவு.

அடுத்தது ரெசின். இதில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுத்துக்கொள். நம் கடற்கரைப் படகுப் பட்டறைகளில் கண்ணாடி இழை மேட்டை மோல்டில் விரித்து, மேலே பாலியெஸ்டர் ரெசினைப் பிரஷ்ஷாலும் ரோலராலும் ஊட்டுகிறார்கள். அப்படிச் செய்த தகட்டில் எடைக்கு எடை கண்ணாடி சுமார் 30 சதவீதம், மீதி 70 ரெசின். சோற்றைவிடக் குழம்பு மிகுந்த நிலை அது. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் நான்கு அடுக்கு என்றால் கண்ணாடி 1.8 கிலோ, ரெசினோடு சேர்த்து 6 கிலோ. கூடும் மேல்தளமும் சேர்ந்து 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 30 கிலோ. அதே அளவு கண்ணாடியை நெய்த ரோவிங் துணியாக இட்டு, ரெசினை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 18 கிலோதான். பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் இழை. இழைகளைச் சேர்த்துப் பிடிப்பதற்கு வேண்டிய அளவைத் தாண்டிய ரெசின் சும்மா ஏறிவரும் சுமை. அதைப் பிழிந்தெடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் உறையால் மூடி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்குவம் முறைக்குப் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பிரசரைக்கூடப் பலர் பயன்படுத்துகிறார்கள்.

ரெசின் குறைந்தால் தகடு மெலிந்து வளையாதா என்று நீ கேட்பாய். சரியான கேள்விதான். மேலே சொன்ன கணக்கில் தடிமன் 4 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 2க்கு இறங்குகிறது. விறைப்போ தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அலைமேல் குதித்து இறங்கும்போது அப்படிப்பட்ட அடித்தளம் நெளியும், சீக்கிரமே விரிசல் விடும். இழையை இரண்டாகப் பிரித்து நடுவே இலகுவான நுரைப் பலகை வைப்பது இதற்கான வழி. கன மீட்டருக்கு 80 கிலோ எடையுள்ள பிவிசி நுரையில் 5 மில்லிமீட்டர் பலகை வைத்தால், முழுக் கூட்டுக்கும் கூடுவது 2 கிலோ. நுரையின் மேல்பரப்பு குடிக்கும் ரெசினையும் சேர்த்தால் கூடு 21, 22 கிலோவில் நிற்கும், விறைப்பும் திரும்பிவிடும். இப்படி மெல்லிய பொருள்களைச் சேர்த்து வலுவாக்குவது நம் கரைக்குப் புதிதல்ல. கட்டுமரத்துக்கான மரம் அரிதாகி விலை ஏறியபோது, 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகையால் சிறு படகுகள் செய்யத் தொடங்கினார்கள். விலை உயர்ந்த பொருளைத் தேடிப் போகாமல், கிடைத்த பொருளை வெட்டிச் சேர்க்கும் முறையை மாற்றியே அவர்கள் வழி கண்டார்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தெர்மாகோலை நடுப்பலகையாக வைத்துப் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் அது கரைந்துபோகும். பிவிசி அல்லது பியூ நுரைதான் அதற்கு ஏற்றது.

இத்தனை பாடு எதற்கு, கொஞ்சம் பணம் சேர்த்துக் கார்பனிலேயே செய்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். கார்பன் இழையின் விறைப்பு கண்ணாடியைப்போல மூன்று மடங்கு, அடர்த்தி 2.5க்குப் பதில் 1.8. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன 22 கிலோக் கூட்டில் கண்ணாடி இழை 9 கிலோதான். அதில் பாதியைக் கார்பன் மிச்சப்படுத்தினாலும் நாலைந்து கிலோ, அதோடு சேர்ந்த ரெசின் கொஞ்சம். அதற்கு இழை விலையில் பல மடங்கு கொடுக்க வேண்டும். கார்பன் பாறையில் மோதினால் கண்ணாடியைவிட எளிதில் முறியும். உப்புநீரில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். ஜெட் பம்பு அலுமினியம்தானே! பந்தயக்காரருக்கு அந்த ஐந்து கிலோ தேவைப்படலாம். கற்றுக்கொள்பவனுக்குத் தேவையில்லை. கைப்பிடிக் கம்பத்துக்கு மட்டும் கார்பன் வைப்பதை நான் ஒப்புக்கொள்வேன். அது சின்னப் பாகம், அதில் விறைப்பு கையிலேயே தெரியும்.

கடற்கரைப் பட்டறை வேலை முரடானது, அதை நம்பலாமா என்பது கனமான ஆட்சேபம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் குறுகிய காலத்தில் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டன. அவசரத்தில் செய்த பலவற்றின் தரம் பற்றிக் குறைகளும் எழுந்தன. ஆனால் அந்தக் குறைகளில் பல வேகத்தாலும் கண்காணிப்பு இல்லாததாலும் வந்தவை. நீ ஒரே ஒரு கூட்டுக்கு அருகிலேயே நிற்கப்போகிறாய். ஆகவே பட்டறையில் வேலை தொடங்குமுன் இழையையும் ரெசினையும் தனித்தனியாக நிறுத்து எழுதிவைக்கச் சொல். முடிந்ததும் கூட்டை நிறுத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவர வேண்டும். வெட்டியெடுத்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்ளே காற்றுக் குமிழிகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரையும் அதை விரைவுபடுத்தும் கோபால்டையும் நேரடியாகக் கலப்பது வெடிவிபத்தில் முடியும். அவற்றை ஒருவரே ரெசினில் தனித்தனியாகக் கலக்கட்டும். கண்ணாடித் தூளுக்கு முகமூடி கட்டாமல் அரம் போடாதே.

சட்டத்தையும் நினைவில் வை. இஞ்சின் பூட்டிய உள்நாட்டுக் கலங்களுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். மிதிபடகுகளில் குழந்தைகள் போகும் கோமுட்டேரி இதற்கான இடமே அல்ல. எந்த நீர்நிலையானாலும் உரிய துறையின் அனுமதி பெற்ற பிறகே இறக்கு.

கடைசியாக மிதப்பு. எடைக் கணக்கில் மூழ்கி இதை மறந்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் நுரை ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். நீருக்குள் இரும்பு தன் எடையில் எட்டில் ஒரு பங்கையும், அலுமினியம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலாகவும் இழக்கும். பாகங்களை நிறுத்து, இந்த விகிதத்தில் கழித்து, மிஞ்சும் எடைக்கு வேண்டியதைவிடக் கால்வாசி கூடுதலாக நுரை அடை. முழுவதையும் அடியில் திணிக்காதே. மூக்கிலும் இருபக்க விளிம்புகளிலும் பிரித்து வைத்தால், நீர் புகுந்தாலும் வண்டி மூக்கு மேலே தெரிய மிதக்கும். இஞ்சின் வைக்குமுன், நீருக்குள் அதே எடை நிற்கும் அளவுக்கு மணல் மூட்டைகளைக் கட்டி, கூட்டுக்குள் தண்ணீர் நிரப்பிச் சோதித்துப் பார். முடிவை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்