ஏலிமின் மரங்களை எண்ணி எழுதுங்கள்

வேத பாடம்
வாசிக்கவேண்டிய பகுதிகள்: எண்ணாகமம் 33-ஆம் அதிகாரம், சங்கீதம் 34, எரேமியா 36



டிசம்பர் 31-ஆம் தேதி இரவு ஆராதனையில் சாட்சி நேரத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் எழுந்து, "இந்த வருஷம் முழுக்க கர்த்தர் என்னைக் காத்தார், ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்காருவார். அடுத்தவரும் அதையே சொல்லுவார். சொல்வது உண்மைதான். ஆனால் 365 நாட்கள் எங்கே போயின? பிப்ரவரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கின அந்த விடியற்காலம் எங்கே? ஜூன் மாசம் ஸ்கூல் பீஸ் கட்ட வழியில்லாமல் நின்றபோது கைக்கு வந்த பணம் எங்கே? நன்றி மனசில் இருக்கிறது. நடந்தது நினைவில் இல்லை. அதனால் ஒரு வருஷம் ஒரு வரியில் முடிந்துபோகிறது.

மறதியை லேசாக எண்ணாதிருங்கள். செங்கடலைக் கடந்து பாட்டுப் பாடின ஜனங்கள், வனாந்தரத்தில் மூன்று நாள் நடந்து மாராவுக்கு வந்தவுடனே முறுமுறுத்தார்கள் (யாத்திராகமம் 15). மூன்றே நாளில் அவ்வளவு பெரிய கடல் மறந்துபோயிற்று! மறதி இருக்கிற இடத்தில் முறுமுறுப்பு முளைக்கும். முறுமுறுப்பு முளைத்த வீட்டில் சந்தோஷம் தங்காது. இதற்கு ஒரு எளிய மருந்தைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப்போகிறோம். தினமும் இரண்டு மூன்று வரி எழுதி வைப்பது. அவ்வளவுதான்.

1. மோசேயின் பயணக் குறிப்பு

எண்ணாகமம் 33-ஐ அநேகர் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். இங்கிருந்து புறப்பட்டார்கள், அங்கே பாளயமிறங்கினார்கள் என்று வெறும் ஊர்ப்பெயராக இருக்கிறது. நாற்பது வருஷப் பயணம், நாற்பதுக்கும் அதிகமான இடங்கள். ஆனால் இரண்டாம் வசனத்தில் சற்று நில்லுங்கள். மோசே இதைக் கர்த்தருடைய கட்டளைப்படி எழுதினான் என்று அங்கே பார்க்கிறோம். கர்த்தருக்கு மறதி உண்டோ? இல்லை. மறக்கிறவர்கள் நாம்தான். அதனால்தான் எழுதச் சொன்னார்.

பெரும்பாலான இடங்களுக்குப் பெயர் மாத்திரம் இருக்கிறது. சில இடங்களில் மோசே கொஞ்சம் நின்று எழுதுகிறான். அவைகளில் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, ஏலிம் (9-ஆம் வசனம்). அங்கே 12 நீரூற்று, 70 பேரீச்சமரம். யோசித்துப் பாருங்கள். பெரிய ஜனக்கூட்டத்தை நடத்துகிறவன், ஆயிரம் பிரச்சனை தலைமேல் இருக்கிறவன், மரத்தை எண்ணியிருக்கிறான்! "நிறைய மரம் இருந்தது" என்று எழுதிவிட்டுப் போகவில்லை. மாராவின் கசப்புக்குப் பிறகு வந்த நிழல் அல்லவா? ஒவ்வொரு மரமும் கணக்கில் வந்தது.

இரண்டாவது, ரெவிதீம் (14-ஆம் வசனம்). அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினான்.

மூன்றாவது, ஓர் என்னும் மலை (38, 39-ஆம் வசனங்கள்). அங்கே அண்ணன் ஆரோன் மரித்தான். எந்த வருஷம், எந்த மாதம், எந்தத் தேதி, அவனுக்கு வயது எத்தனை என்று எல்லாம் இருக்கிறது. வயது 123.

பெற்றுக்கொண்டது, குறைவுபட்டது, இழந்தது. மூன்றும் ஒரே நோட்டில் இருக்கலாம் என்று மோசே நமக்குக் காட்டுகிறான்.

2. தாவீதின் அகரவரிசைப் பாட்டு

பதின்மூன்று சங்கீதங்களின் தலைப்பில் தாவீதின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம் குறிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் சங்கீதம் அப்சலோமுக்குத் தப்பி ஓடின நாளுக்குரியது. 57-ஆம் சங்கீதம் கெபியில் ஒளிந்திருந்த நாளுக்குரியது. நாம் நோட்டின் தலையில் தேதி போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவைகளில் 34-ஆம் சங்கீதம் விசேஷமானது. அதன் பின்னணி 1 சாமுவேல் 21-இல் இருக்கிறது. சவுலுக்குப் பயந்து காத் ஊர் ராஜாவிடத்தில் போன தாவீது, அங்கேயும் மாட்டிக்கொண்டான். உயிர் தப்ப என்ன செய்தான்? பைத்தியக்காரன்போல நடித்தான். வாசற்கதவுகளில் கீறினான், வாயின் நுரையைத் தாடியில் வழியவிட்டான். கோலியாத்தை ஜெயித்தவனுக்கு எவ்வளவு அவமானமான நாள்! நம்மில் ஒருவராயிருந்தால், "அதப் பத்தி பேசவே வேண்டாம்" என்போம்.

ஆனால் அந்த நாளின் பேரில் ஒரு துதிப்பாட்டு இருக்கிறது. அதுவும் எபிரெய எழுத்துக்களின் வரிசையில் அடிகள் தொடங்கும்படி அமைக்கப்பட்ட பாட்டு. நமது ஔவையாரின் ஆத்திசூடி அகரவரிசையில் போகிறதே, அதைப் போல. 119-ஆம் சங்கீதமும் அப்படித்தான். 22 எழுத்து, எழுத்துக்கு 8 வசனம், மொத்தம் 176. எரேமியாவின் புலம்பலிலும் முதல் நான்கு அதிகாரங்கள் இந்த எழுத்து வரிசையைத் தழுவியவை. துதியும் எழுத்து வரிசையில் வந்தது, அழுகையும் வந்தது.

நம்மை உண்டாக்கினவர் சிருஷ்டிகர். ஆகவே உண்டாக்குகிற ஆசை நமக்குள்ளும் இருக்கிறது. பூ கட்டும்போது நிறம் பார்த்துக் கட்டுகிறீர்களே, அதுவும் அந்தத் தாலந்துதான். எழுத்தில் அதைச் செய்துபாருங்கள். தமிழில் அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்து இருக்கிறது. குடும்பமாக உட்கார்ந்து, எழுத்துக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். "அம்மாவோட முழங்கால் வலி குறைஞ்சது." "ஆட்டோக்காரர் மறந்த பையைத் திருப்பிக் கொண்டுவந்தார்." "இட்லி மாவு நாலு பேருக்கும் சரியா வந்தது." ஐ, ஔ வரும்போது பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தேடுவார்கள். அந்தச் சிரிப்பே ஒரு ஆசீர்வாதம்.

3. "எனக்கு எழுத வராதே!"

"நான் நாலாங்கிளாஸோட நின்னுட்டேன், எனக்கு எழுத வராது" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. எரேமியா 36-ஐ வாசியுங்கள். எரேமியா வாயால் சொன்னான், பாருக் மையினால் எழுதினான். ரோமர் நிருபத்தைப் பவுல் சொல்ல, தெர்தியு எழுதினான் (ரோமர் 16:22). பாட்டி சொல்லட்டும், பேரன் எழுதட்டும். பாட்டிக்கு ஒரு பாருக் கிடைப்பான். பேரனுக்கோ, எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத குடும்பச் சரித்திரம் கிடைக்கும்.

அதே அதிகாரத்தில் இன்னொரு காரியமும் இருக்கிறது. யோயாக்கீம் ராஜா குளிர்காலத்து வீட்டில் கணப்புக்கு முன்னே உட்கார்ந்துகொண்டு, அந்தச் சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். எழுதினது அத்தனையும் சாம்பல்! பிறகு என்ன நடந்தது? வேறொரு சுருளை எடுத்து மறுபடியும் எழுதினார்கள். முன்னே இருந்ததைவிட இன்னும் அதிகமாக எழுதினார்கள். உங்கள் நோட்டை மழை நனைத்திருக்கலாம், வீட்டில் ஒருவர் கோபத்தில் கிழித்திருக்கலாம். பத்து ரூபாய்க்கோ இருபது ரூபாய்க்கோ இன்னொரு நோட்டு வாங்குங்கள்.

நல்ல தமிழ் வராது என்றும் கவலைப்படாதிருங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-ல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, கடைத்தெருவில் பேசிக்கொண்டது, கவர்னர் சொன்னது என்று அன்றைய பேச்சுத் தமிழிலேயே எழுதினார். இலக்கணம் பார்த்துக் காத்திருந்தால் அந்த 25 வருஷம் நமக்குக் கிடைத்திருக்காது.

4. எழுதினவர்களின் சாட்சி

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கின ஜார்ஜ் முல்லர், இன்ன தேவைக்காக ஜெபித்தேன், இன்ன நாளில் இது வந்தது என்று குறித்து வைத்தார். கையில் காசில்லாத நாட்களும் அந்தக் குறிப்பில் உண்டு. அதை அவர் புத்தகமாகவும் வெளியிட்டார். எழுதி வைத்ததினால் அது இன்றைக்கும் பேசுகிறது.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்தார். அதன்பின் 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். நடமாட்டம் நின்றது, எழுத்து நிற்கவில்லை. வியாதியிலிருந்துகொண்டு வியாதியஸ்தருக்கே கடிதங்கள் எழுதினார். படுக்கையிலிருந்து எழுத ஒரு காரியமும் இருக்காது என்று நாம் நினைப்போம். அவர் அப்படி நினைக்கவில்லை.

உலகத்து ஆராய்ச்சியும் இதை ஒருவகையில் கண்டிருக்கிறது. அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதியில் மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, 10 வாரம் எழுதச் சொன்னார்கள். ஒரு கூட்டம் நன்றிக்குரியவைகளை எழுதிற்று. ஒரு கூட்டம் தொல்லைகளை எழுதிற்று. ஒரு கூட்டம் பொதுவாக நடந்தவைகளை எழுதிற்று. நன்றி எழுதினவர்கள் தங்கள் வாழ்க்கையைக் குறித்து அதிக திருப்தியும் வரும் வாரத்தைக் குறித்து அதிக நம்பிக்கையும் காட்டினார்கள்.

துக்கத்தை எழுதலாமா? எழுதலாம். பென்னிபேக்கர் என்பவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மனதைக் காயப்படுத்தின காரியங்களைத் தொடர்ந்து 4 நாள், தினமும் 15 நிமிஷம் எழுதச் சொன்னார். எழுதின உடனே மனம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் பின்வந்த மாதங்களில், உள்ளத்து உணர்ச்சிகளோடு எழுதினவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்திருந்தது. ஆகவே எழுதும்போது கண்ணீர் வந்தால் பயப்படாதிருங்கள். பாரம் தாங்க முடியாததாக இருந்தால், தனியாக எழுதிக்கொண்டே இராமல், நம்பத்தக்க ஒருவரிடத்திலும் வைத்தியரிடத்திலும் பேசுங்கள்.

5. எப்படி எழுதுவது?

நேரம்: ஒரே நேரமாக இருக்கட்டும். பாத்திரம் கழுவி முடித்த பிறகோ, பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதோ, விடியற்கால ஜெபம் முடிந்த பிறகோ. ஐந்து நிமிஷம் போதும். பேனாவை நோட்டோடு நூலில் கட்டி வையுங்கள். பிள்ளைகள் எடுத்துப் போக மாட்டார்கள்.

வரிகள்: முதலில் தேதி. பிறகு ஒரு "ஏலிம் வரி", இன்றைக்குப் பெற்றுக்கொண்டது. அடுத்து ஒரு "ரெவிதீம் வரி", இன்றைக்குக் குறைவாயிருப்பது. இதுவே உங்கள் ஜெபக் குறிப்பு. துக்கம் உள்ள நாளில் "ஓர் மலை வரி" ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தை எண்ணுங்கள்: இதுதான் இந்தப் பாடத்தின் சாரம். "இன்று கர்த்தர் நன்றாக நடத்தினார்" என்று தினமும் எழுதினால் பத்தாம் நாள் அலுத்துப்போகும். இப்படி எழுதிப் பாருங்கள்: "தண்ணி லாரி வரும்போது நான் வேலையில இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா நம்ம குடம் மூணையும் புடிச்சு வெச்சிருந்தாங்க." பத்து வருஷம் கழித்து வாசித்தாலும் அந்த அக்காவின் முகம் தெரியும். எத்தனை குடம், யார் முகம், என்ன மணம், பிள்ளை சொன்ன வார்த்தை என்ன? பார்த்ததை அப்படியே எழுதுங்கள். எழுதவேண்டும் என்று தெரிந்தால் கண் பகலெல்லாம் தேடும். தேடுகிற கண்ணுக்குச் சந்தோஷம் தப்பாது.

திரும்பிப் பாருங்கள்: மாசக் கடைசியில் ஒருமுறை வாசியுங்கள். பதில் கிடைத்த ரெவிதீம் வரிக்குப் பக்கத்தில் அந்தத் தேதியைக் குறியுங்கள்.

6. மூன்று எச்சரிப்பு

ஒன்று, பிறர் நம்மிடம் நம்பிச் சொன்ன இரகசியத்தை நோட்டில் ஏற்றக்கூடாது. அது நம்முடைய கதை அல்ல.

இரண்டு, மாமியார் என்ன சொன்னார், மருமகள் என்ன செய்தாள் என்று குற்றக்கணக்கு வைக்கும் பேரேடாக அது மாறக்கூடாது. உங்கள் வேதனையை எழுதுங்கள். பழிவாங்கக் கணக்கு வைக்காதிருங்கள். அதேபோல, ஒருவர் நோட்டை இன்னொருவர் திறந்து பார்ப்பதும் கூடாது. புருஷனானாலும் பெற்றோரானாலும் கேட்டுத்தான் வாசிக்கவேண்டும்.

மூன்று, செல்போனில் எழுதுவதில் தப்பில்லை. ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்காக எழுத ஆரம்பித்தால், மெய்யானது போய் மற்றவர்கள் மெச்சுகிறது மட்டும் வரும். ஒருவரும் பார்க்காத நோட்டில்தான் மனுஷன் உண்மை பேசுவான்.

வீட்டுக்கூட்டத்தில் பேச

(1) கடந்த ஏழு நாளில் உங்களுக்குக் கிடைத்த ஒரு ஏலிம் எது? எண்ணிக்கையோடும் பெயரோடும் சொல்லுங்கள்.
(2) உங்கள் வீட்டில் யாருடைய கதை இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது? அவர்களுக்கு யார் பாருக்காக இருப்பது?
(3) நீங்கள் எழுதத் தயங்குகிற நாள் எது? தாவீதின் 34-ஆம் சங்கீதத்தின் தலைப்பை மறுபடி வாசித்துவிட்டு யோசியுங்கள்.

வரும் ஞாயிறு முதல் 30 நாள் எழுதிப் பாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் வருத்தப்பட்டு நோட்டை மூடிவிடாமல், மறுநாள் தேதியைப் போட்டுத் தொடருங்கள். வருஷக் கடைசியில் சாட்சி சொல்ல எழும்பும்போது, கையில் உங்கள் மரங்களின் கணக்கு இருக்கும். கர்த்தர்தாமே உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.