எல்லாப் பக்கத்துக்கும் பொதுத் தகவல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இணையக் கடை ஒன்றின் மேல்பட்டையில் மூன்று தகவல்கள் இருக்கும்: பொருள் வகைகளின் மெனு, லாகின் செய்தவரின் பெயர், கூடையில் எத்தனை பொருள் என்ற எண். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இவை தெரிய வேண்டும். ஏஎஸ்பி டாட் நெட் கோர் எம்விசியில் இதற்குப் பல வழிகள் உண்டு. வழிக்கொரு தவறான நம்பிக்கையும் உண்டு.

நம்பிக்கை: ஸ்டேட்டிக் மாறியில் போட்டுவிட்டால் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: எங்கிருந்தும் எடுக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் போய்ச் சேரும் என்பதுதான் சிக்கல். ஸ்டேட்டிக் மாறி தனி ஒரு பயனருக்கு உரியதல்ல; சர்வரில் ஓடும் அந்த ப்ராசஸ் முழுவதற்கும் பொது. லாகின் பெயரை அதில் வைத்தீர்கள் என்றால், கவிதாவுக்குப் பின் முருகன் நுழைந்ததும் கவிதா திறக்கும் அடுத்த பக்கம் "வணக்கம் முருகன்" என்று காட்டும். பெயரோடு போனால் பரவாயில்லை. முகவரியும் ஆர்டர்களும் இப்படி இடம் மாறினால் அது வெறும் பிழையல்ல, தகவல் கசிவு. சொந்தக் கணினியில் ஒரே ஆளாகச் சோதிக்கும்வரை இது கண்ணில் படவே படாது. இத்தனைக்கும் பெயரைப் பகிர வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. லாகின் செய்தவரின் விவரம் ஒவ்வொரு ரெக்வெஸ்டோடும் வருகிறது. எந்த வியூவிலும் யூசர் என்று கேட்டாலே கிடைக்கும்.

நம்பிக்கை: பொதுவான பேஸ் கன்ட்ரோலரில் வியூபேக்கை நிரப்பினால் வேலை முடிந்தது.

உண்மை: பக்கம் வரும், வீண் வேலையும் சேர்ந்தே வரும். இப்படி நிரப்பும் வேலை வழக்கமாக நடக்கும் மெத்தடான ஆன்ஆக்‌ஷன்எக்ஸிக்யூட்டிங் எல்லா ஆக்‌ஷனுக்கும் முன்பாக ஓடுவது. ஜேசன் மட்டும் அனுப்பும் ஆக்‌ஷனுக்கும், வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஆக்‌ஷனுக்கும் மெனுவுக்காக டேட்டாபேஸைத் தட்டும். வியூபேக்கில் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதினால் கம்பைலர் வாய் திறக்காது. பக்கம் ஓடும்போதுதான் மெனு இருக்க வேண்டிய இடம் காலியாகவோ, பிழையாகவோ தெரியவரும். 

நம்பிக்கை: பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் வரையும் வியூ காம்பொனென்ட், சர்வருக்கு இன்னொரு ரெக்வெஸ்ட் அனுப்பும்.

உண்மை: அனுப்பாது. நடந்துகொண்டிருக்கும் ரெக்வெஸ்டுக்குள்ளேயே ஓடும். லேஅவுட்டிலிருந்து அழைத்தால், அந்த லேஅவுட்டோடு பக்கம் வரையப்படும்போது மட்டும் ஓடும். ஆனால் ஃபில்டர்கள் அதற்குப் பொருந்தா. அனுமதிச் சோதனையை அவற்றின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

என் தேர்வு வியூ காம்பொனென்ட்தான். எல்லோருக்கும் ஒன்றான மெனுவைக் காலக்கெடுவோடு மெமரி கேஷில் வையுங்கள். கூடை எண்ணையும் கேஷில் வைப்பதானால், சாவியில் பயனரின் ஐடி கட்டாயம் இருக்கட்டும். வெளியிடும் முன் இரண்டு பிரவுசர்களில் இரண்டு கணக்குகளோடு நுழைந்து, மாறி மாறிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள்.