பழைய ஹைலக்ஸ் எஞ்சினில் சத்தமா?

1980களின் 22ஆர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய டொயோட்டா பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு:

1. முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே டேப்பெட் சத்தம் போடும்.

2. எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ராக்கர் கவரில் வைத்து, பிடியில் காதைக் கொடுங்கள். பிறகு முன்பக்க டைமிங் கவரில். மேலே 'டிக் டிக்' என்றால் டேப்பெட், முன்னால் 'கரகர' என்றால் செயின். ஃபேன் சுற்றுகிறது, தோளில் துண்டு வேண்டாம்.

3. டேப்பெட் என்றால், எஞ்சின் சூடானதும் அணைத்துவிட்டு வால்வு இடைவெளியை (கேப்) வையுங்கள்: இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. ஃபீலர் கேஜ் லேசாக உரசியபடி நழுவ வேண்டும். சத்தமே கூடாது என்று இறுக்கினால் வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும். சின்ன 'டிக் டிக்' இருந்துவிட்டுப் போகட்டும்.

4. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரக்கிறதா? ராக்கர் கவரைக் கழற்றி, டார்ச் அடித்துச் செயினின் இருபுறமும் பாருங்கள். இந்த எஞ்சினின் பலவீனமே அங்கிருக்கும் பிளாஸ்டிக் கைடுதான். அது உடைந்தால், தளர்ந்த செயின் டைமிங் கவரை உள்ளிருந்து அறுத்துத் துளை போடும்; கூலன்ட் ஆயிலில் இறங்கிவிடும்.

5. செயினை மட்டும் மாற்றாதீர்கள். கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். இரும்பு முதுகுள்ள கைடு கிடைத்தால் அதையே கேளுங்கள்.

6. ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துப் போங்கள்.