ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: ரேஸ் காருக்கு லிஃப்ட் அதிகமான கேம் ஷாஃப்ட் போட்டேன். 6,500 ஆர்பிஎம் தாண்டினால் இன்ஜின் திணறுகிறது. கெட்டியான வால்வ் ஸ்பிரிங் போட்டால் சரியாகுமா?

பதில்: பெட்ரோல், இக்னிஷன் இரண்டும் சரியென்றால், நீங்கள் சொல்வது வால்வ் ஃப்ளோட் மாதிரிதான் இருக்கிறது. கேம் திரும்பும் வேகத்துக்கு வால்வால் ஈடுகொடுத்து மூட முடியவில்லை. 8,000 ஆர்பிஎம்மில் ஒரு வால்வ் நொடிக்கு 66 முறைக்கு மேல் திறந்து மூடுகிறது. வேகம் 20 சதவீதம் கூடினால் ஸ்பிரிங் அடக்க வேண்டிய விசை 44 சதவீதம் கூடும்.

கெட்டி ஸ்பிரிங் உதவும். ஆனால் கேம், லிஃப்டர், புஷ்ராடு எல்லாம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். வால்வோடு சேர்ந்து அசையும் பாகங்களின் எடையைக் குறைப்பதே நல்ல வழி என்பேன். செவர்லே கார்வெட் இசட்06-இன் 7 லிட்டர் எல்எஸ்7 இன்ஜின் 7,000 ஆர்பிஎம் வரை சுற்றியதற்கு டைட்டானியம் இன்டேக் வால்வும் ஒரு காரணம். உங்களுக்கு டைட்டானியம் ரிடெய்னரே பெரிய வித்தியாசம் காட்டும்.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. வால்வ் முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. வால்வ் பிஸ்டனில் இடிக்கவும் கூடாது; அதைப் பார்க்க, பிஸ்டன் தலையில் கொஞ்சம் கிளே ஒட்டி, ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றி, வால்வ் பதிந்த இடத்தை பிளேடால் வெட்டி அளந்து பாருங்கள். இன்டேக்கில் 2, எக்ஸாஸ்டில் 2.5 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.